நத்தைக்காரருக்கு எந்த டெஸ்ட்?

அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில், எந்தப் புள்ளியியல் டெஸ்டைப் பயன்படுத்துவது என்பதை மாணவரே முடிவு செய்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை மதியம் அது முடிவுக்கு வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருவர், தவளைகளைப் பற்றிய ஆய்வேட்டின் எழுபத்தோராம் பக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். டெஸ்ட் தப்பு என்பதற்காகச் சிரித்தாரா, வேறெதையாவது நினைத்துக்கொண்டு சிரித்தாரா என்பது தெரியவில்லை. கேட்பதற்குள் ரயிலேறிப் போய்விட்டார். ஆனால் சிரிப்பு கோப்பில் ஏறிவிட்டது. மறுவாரமே சோதனைத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. குழுவின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் இனி எந்த மாணவரும் இரண்டு சராசரிகளை ஒப்பிடக் கூடாது என்று உத்தரவு வந்தது.

இது எதுவும் தெரியாமல்தான் நத்தைக்காரர் அங்கே வந்து சேர்ந்தார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். மேற்படிப்பு இல்லாதவர்கள் இனி உயர் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க முடியாது என்று ஆனதும், இரண்டு வருட விடுப்பில் மறுபடியும் மாணவரானார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். உறவென்று ஒரு அக்கா மட்டும், பதினான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தார். வளாகத்தில் அவருடைய பெயரை யாரும் கேட்கவில்லை. முதல் வாரமே நத்தைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போனதைப் பார்த்து, வாசல் காவலாளி வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

அவருடைய கேள்வி சின்னது. தனியாக வைத்த நத்தை, கூட்டமாக வைத்த நத்தையைவிடக் குறைவாகச் சாப்பிடுமா? இருபது பெட்டிகளில் பெட்டிக்கொரு நத்தையாக விட்டார். நான்கு பெரிய பெட்டிகளில் ஐந்தைந்தாக விட்டார். தினமும் காலையில் முட்டைக்கோஸ் இலையை எடை போட்டு வைப்பார். மறுநாள் மிச்சத்தை எடை போடுவார். கூட்டுப் பெட்டியில் தின்றதை ஐந்தால் வகுத்து, பெட்டிக்கு ஒரே எண்ணாக எழுதிக்கொள்வார். இப்படி முப்பது நாள்.

முப்பது நாளும் சோதனைக்கூடத்தில் அவரும் நத்தைகளும்தான். மற்ற மாணவர்களுக்கு அவர் வயதைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சாரி சார்" என்று சாத்திக்கொண்டு போவார்கள். எடையை எழுதுமுன் வாய்விட்டு ஒருமுறை சொல்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. சில நாட்களில் அவர் பேசிய மொத்தப் பேச்சும் அந்த எண்கள்தான்.

முப்பதாம் நாள் முடிந்ததும் ஏழாம் எண் படிவத்தை வாங்கினார். அதில், "இக்கேள்வி உமக்கு எவ்வாறு தோன்றியது?" என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை நிரப்பிக் குழுவின் கிளார்க்கிடம் கொண்டுபோனார். கிளார்க் முதல் வரியிலேயே விரலை வைத்தார்.

"எந்த டெஸ்டுன்னு எழுதலையே."

"அதைத்தானே குழு சொல்லணும்?"

"நீங்க ஏதாவது ஒண்ணைக் கேட்டாத்தான் சார் அது தப்புன்னு அவங்க சொல்ல முடியும். வெறும் காகிதத்தை எப்படித் தள்ளுபடி பண்றது?"

நத்தைக்காரர், இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் என்று எழுதினார். கிளார்க்கின் விரல் கீழே இறங்கியது.

"தரவு இயல்பானதுன்னு சான்று இணைக்கணும்."

"எண்கள் நடுவுல குவிஞ்சு ரெண்டு பக்கமும் சீரா இறங்குதான்னு பார்க்கிறதுங்க அது. படம் வரைஞ்சு கொண்டுவந்திருக்கேன்."

"படம் சான்று ஆகாது. முத்திரை வேணும்."

"அந்த முத்திரையை யார் போடுவாங்க?"

கிளார்க் யோசித்தார். கெட்ட மனிதரில்லை. இழுப்பறையிலிருந்த முத்திரைப் பட்டியலை எடுத்து, இரண்டு பக்கமும் பொறுமையாகத் தேடினார். மொத்த வளாகத்திலும் "இயல்பு" என்ற சொல் உள்ள முத்திரை ஒன்றே ஒன்று இருந்தது. அது சுகாதார நிலையத்தில் இருந்தது.

சுகாதார நிலைய மருத்துவர் நத்தைக்காரரின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பஞ்சை ஒட்டினார். மறுநாள் "இயல்பு" என்று ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். குழு அதை ஏற்றுக்கொண்டது. முத்திரை ஏன் நீல மையில் இருக்கிறது என்று மட்டும் ஓர் உறுப்பினர் கேட்டுக் குறித்துவைத்தார்.

முதல் கூட்டம் ஆறு வாரம் கழித்து நடந்தது. நீளமான மேசையின் ஒரு முனையில் டி-டெஸ்ட் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். சராசரியை நம்புகிறவர். மறுமுனையில் தரவரிசைப் பேராசிரியர். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, அந்த வரிசையை மட்டும் நம்புகிறவர். ஒரே மரநிழலில் யார் காரை நிறுத்துவது என்ற விஷயத்தில் பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. எதுவானாலும் நடுவில் இருந்த கிளார்க் வழியாகத்தான்.

"வரிசை போட்டுப் பார்க்கிறவங்களுக்கு எடை மெஷின் எதுக்குன்னு கேளுங்க" என்றார் டி-டெஸ்ட் பேராசிரியர்.

"எடை மெஷின் எதுக்குன்னு கேக்கறாங்க" என்றார் கிளார்க்.

"ஒரே ஒரு நத்தை அளவுக்கு மீறித் தின்னுட்டா அவரோட சராசரி எங்க போய் நிக்கும்னு கேளுங்க" என்றார் தரவரிசைப் பேராசிரியர்.

இது ஒன்றரை மணி நேரம் நடந்தது. நத்தைக்காரர் நடுவில் ஒருமுறை கையைத் தூக்கினார். குழுத் தலைவர் கண்ணாலேயே அதை இறக்கிவிட்டார். கடைசியில் தலைவர் கைகளைக் கோத்துக்கொண்டு பேசினார்.

"மாணவர் ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். நாப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு டெஸ்ட் கூடப் பண்ணினதில்லை. அதனாலதான் எந்தப் பக்கமும் சாயாம உட்கார்ந்திருக்க முடியுது. இந்தக் குழு வந்த இந்த ஒன்பது வருஷத்துல தப்பான டெஸ்ட் ஒண்ணு கூட நடக்கலை. சரியான டெஸ்டும் நடக்கலைன்னு சில பேர் சொல்றாங்க. அது வேற விஷயம்."

அடுத்த கூட்டத்துக்குத் தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள்.

நத்தைக்காரர் குடியிருந்தது ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் வீட்டில், பின்பக்க அறையில். கண்டக்டரின் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மகன் வேறு நாட்டில் இருந்தார். முன்பக்கத்தில் அவரும், பின்பக்கத்தில் இவருமாக எட்டு மாதம் இருந்தும், தண்ணீர் மோட்டாரைத் தவிர வேறெதைப் பற்றியும் இருவரும் பேசியதில்லை. இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்தது பலகைச் சுவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்வார். அக்காவுக்குக் காது மந்தம். அதனால் கத்தித்தான் பேச வேண்டும்.

"டெஸ்டுக்கா. டெஸ்ட். எந்த டெஸ்டுன்னே இன்னும் முடிவாகலை… குழுவாக் கூடிப் பேசறாங்கக்கா. ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் அது கூடாதுங்கறார்… அது முடியாம ஊருக்கு வர முடியாது. ரத்தமெல்லாம் எடுத்தாங்க… இல்லக்கா, தனியாத்தான் இருக்கேன். பழகிடுச்சு."

மறுநாள் காலை அவர் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பிளாஸ்க் இருந்தது. உள்ளே சூடான பால். பக்கத்தில் ஒரு ரொட்டிப் பொட்டலம். கண்டக்டர் சற்றுத் தள்ளிக் குழாயடியில் நின்று, ஏற்கெனவே மூடியிருந்த குழாயை மறுபடியும் மூடிக்கொண்டிருந்தார்.

"குடிங்க சார். வெறும் வயித்தோட போகாதீங்க."

நத்தைக்காரருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் நாள், "இன்னிக்காவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கண்டக்டர் தாழ்ந்த குரலில் கேட்டபோதுதான், பலகைச் சுவர் வழியாகப் போன் பேச்சைக் கேட்டுத் தனக்கு ஏதோ பெரிய நோய் என்று அவர் நினைத்திருப்பது விளங்கியது. உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

"அது வந்து அண்ணே, டெஸ்டுன்னு நான் சொன்னது…"

"வேணாம் சார். சொல்லி மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. நான் கேக்கவே இல்லைன்னு வெச்சுக்குங்க."

அன்று அவரால் சொல்ல முடியவில்லை. மறுநாள் முயலவில்லை. அதற்கடுத்த வாரம் கண்டக்டர் தன்னுடைய சாய்வு நாற்காலியைப் பின்வாசலில் கொண்டுவந்து போட்டு, பக்கத்தில் தான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பஸ்ஸில் பிரசவமான பெண்ணைப் பற்றியும், ஒரே சீட்டுக்காக இருபது கிலோமீட்டர் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் சம்பந்தியான இருவரைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். நத்தைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அது நோயாளிக்கு வந்த பால் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் குடித்தார். சூடாக இருந்தது, யாரோ ஆற்றிக் கொடுத்தது.

இரண்டாம் கூட்டத்துக்குத் தேதி வந்ததும் கண்டக்டர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வரேன். இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் கூட ஒரு ஆள் வேணும்."

"வேணாம் அண்ணே. அவங்க உள்ள விட மாட்டாங்க."

"முப்பத்து மூணு வருஷம் படிக்கட்டுல நின்னவன் சார் நான். என்னை யாரும் வெளிய தள்ள முடியாது."

வழியில் சொல்லிவிடலாம் என்று நத்தைக்காரர் மூன்று முறை தொண்டையைச் செருமினார். கண்டக்டர் அவர் தோளில் கை வைத்து, "தைரியமா இருங்க" என்றார். மூன்று முறையும்.

கூட்ட அறைக்குள் இருவரும் நுழைந்தபோது யாரும் தடுக்கவில்லை. இஸ்திரிச் சட்டையைப் பார்த்த கிளார்க், அரசாங்கத்திலிருந்து யாரோ வந்திருப்பதாக நினைத்துத் தன் நாற்காலியை எடுத்துப் போட்டார். கண்டக்டர் உட்காரவில்லை.

"ஐயா, நான் படிக்காதவன். ஆனா இந்த மனுஷனை தினம் பார்க்கறவன். எந்த டெஸ்டுன்னு சொல்லுங்கன்னு எத்தனை மாசமா உங்க வாசல்ல நிக்கறார். சொந்தம்னு பக்கத்துல யாருமில்ல. நீங்க ஆளுக்கொண்ணு சொல்லிட்டு எழுந்து போயிடறீங்க. அவர் ராவும் பகலும் எப்படி இருப்பார்னு யாராவது யோசிச்சீங்களா?"

ஒன்பது வருடத்தில் வெளியாள் ஒருவர் குழுவைப் பற்றிக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. தலைவர் நெகிழ்ந்துபோய்விட்டார்.

"உங்க உணர்வை மதிக்கிறோம். ஆனா அவசரப்பட்டு ஒரு டெஸ்ட் பண்ணி, அதுல ஏதாவது தெரியவந்துட்டா, அப்புறம் அதை யார் சுமக்கிறது? தெரியாம இருக்கிற வரைக்கும் எல்லாரும் நிம்மதியா இருக்கோம்."

"அதுவரைக்கும் உயிர் தாங்குமாங்கய்யா?"

"அதெல்லாம் தாங்கும்" என்றார் டி-டெஸ்ட் பேராசிரியர். "சராசரியா மூணு வருஷம்."

"சராசரியைச் சொல்ல வேணாம்னு சொல்லுங்க" என்றார் தரவரிசைப் பேராசிரியர் கிளார்க்கிடம். "வரிசையில நடுவுல இருக்கறதைப் பார்த்தா ரெண்டுதான்."

கண்டக்டர் நத்தைக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நத்தைக்காரர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா" என்றார் கண்டக்டர். "ஏதாவது பார்த்துப் பண்ணக் கூடாதாய்யா?"

"ஈரம் காயாம பார்த்துக்கிட்டா இன்னும் கொஞ்சம் கூட இருக்கும்" என்றார் தலைவர் கனிவோடு. "இலையை மட்டும் தினம் மாத்திப் போடச் சொல்லுங்க."

"எந்த இலை?"

"முட்டைக்கோஸ்தானே? நத்தைக்கு வேற என்ன போடுவாங்க?"

கண்டக்டர் முழங்கையை விட்டார். மேசையைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கோப்பில் பெரிய எழுத்தில் நத்தை என்று எழுதியிருந்தது. பிறகு நத்தைக்காரரைப் பார்த்தார். வந்த வழியே நடந்து வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"பொதுமக்கள் பிரதிநிதி கருத்துத் தெரிவித்துத் திருப்தியுடன் வெளியேறினார்" என்று கிளார்க் குறிப்பேட்டில் எழுதினார்.

அதன்பின் குழு வேகமாக வேலை செய்தது. படிவத்தின் பதினான்காம் கேள்வி, "மாதிரிகள் ஒன்றையொன்று சாராதவையா?" என்பது. ஒரே பெட்டியில் ஐந்து நத்தைகள் இருந்தால் அவை ஒன்றையொன்று சார்ந்தவை என்று டி-டெஸ்ட் பேராசிரியர் சொன்னார். தரவரிசைப் பேராசிரியரும் அதையே சொன்னார். பதினோரு வருடத்தில் இருவரும் முதல்முறையாக ஒத்துப்போன விஷயம் அது.

"அதனாலதான் நான் பெட்டிக்கு ஒரே எண்ணா எடுத்திருக்கேன்" என்றார் நத்தைக்காரர்.

"விளக்கம் தேவையில்லை" என்றார் தலைவர். "கூட்டா இருக்கறதுதான் சிக்கல்னா, அதைப் பிரிச்சுடலாம். இருபது நத்தையையும் தனித்தனிப் பெட்டியில போட்டு முப்பது நாள் மறுபடி அளந்து கொண்டுவாங்க."

"நாப்பதும் தனியா இருந்தா எதோட எதை ஒப்பிடறதுங்க?"

தலைவர் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "அதுதான் இதுல அழகு. ஒப்பிட ஒண்ணும் இல்லாத இடத்துல எந்த டெஸ்டும் தப்பாகாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

நத்தைக்காரர் சோதனைக்கூடத்துக்குப் போய் இருபது புதிய பெட்டிகளைக் கழுவித் துடைத்தார். கூட்டுப் பெட்டிகளில் நத்தைகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றையும் ஓட்டைப் பிடித்து மெதுவாகப் பிரித்தார். விட்டுவரும்போது நூல்போல ஒரு பிசின் இழுபட்டு அறுந்தது. இருபதாவதைப் பெட்டியில் விட்டு மூடியபோது கை கழுவத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முப்பது நாள் கழித்து குழு வந்து நாற்பது பெட்டிகளையும் பார்வையிட்டது. வரிசை நேராக இருப்பதாகத் தலைவர் பாராட்டினார். நாற்பது நத்தைகளுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று சான்றிதழ் வந்தது. ஆய்வேடு ஏற்கப்பட்டது. அன்று சாயங்காலம் நத்தைக்காரர் நாற்பதையும் ஒரே பெரிய தொட்டியில் விட்டார். அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இன்னும் ஐந்து நாள் இருந்தது. இந்த ஒரு மாதமாக வாசலில் பிளாஸ்க் இல்லை. சாய்வு நாற்காலி முன்பக்கம் போய்விட்டது. குழாயடியில் எதிர்ப்பட்டால் கண்டக்டர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நத்தைக்காரர் அன்று முன்கதவைத் தட்டினார்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு சொல்லலை."

கண்டக்டர் கதவை முழுதாகத் திறந்து வழிவிட்டார்.

"நீங்க சொல்லலைங்கறதுல எனக்குக் கோவம் இல்ல சார்" என்றார். "உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்கணும்ல? வரலை. இனிமே காலையில யாருக்குப் பால் காய்ச்சறதுன்னுதான் தோணுச்சு. என்ன மனுஷன்டா நீன்னு என்மேலயே கோவம். அதான் உங்க முகத்தைப் பார்க்கலை."

கண்டக்டர் நாற்காலியைக் காட்டினார். நத்தைக்காரர் உட்கார்ந்தார். பிறகு கண்டக்டர், பேச்சை மாற்றுவதற்காகத்தான், கேட்டார்.

"ஆமா, அந்த நத்தை என்னதான் ஆச்சு?"

அந்தக் கேள்வியை இரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. நத்தைக்காரர் பின்னறைக்குப் போய் முதல் முப்பது நாள் நோட்டை எடுத்துவந்தார். கூட்டத்தில் இருந்தவை அதிகம் தின்றன என்றார். ஆனால் தனியாக இருந்தவற்றிலும் சில நன்றாகத் தின்றிருந்தன. தற்செயலாகக்கூட அப்படி வந்திருக்கலாம்.

"தற்செயலா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"ஒரு வழி இருக்கு. அட்டை ஏதாவது இருக்கா அண்ணே?"

கண்டக்டர் பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து இருபத்து நான்கு சீட்டு செய்தார். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லாமல் இருந்தது. பெட்டிக்கு ஒன்றாக, ஒரு நத்தை ஒரு நாளில் தின்ற எடையை நத்தைக்காரர் அதில் எழுதினார். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார்.

"தனியா இருந்தா என்ன, கூட்டமா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்னு வெச்சுக்குவோம். அப்படின்னா இதுல எந்த நாலு சீட்டை எடுத்தாலும் ஒண்ணுதான். கூட்டுப் பெட்டி நாலையும் கூட்டினா அஞ்சு புள்ளி ஆறு கிராம் வருது. நீங்க பார்க்காம நாலு எடுங்க, கூட்டுங்க. மறுபடி போட்டுக் குலுக்குங்க. அஞ்சு புள்ளி ஆறை அடிக்கடி எட்டினா நாம பார்த்தது தற்செயல். எட்டலைன்னா நத்தைக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"இந்த டெஸ்டுக்குப் பேர் என்ன?"

"பேர் இருக்கு. வெளிய சொன்னா அதுக்கும் ஒரு குழு போட்டுடுவாங்க."

கண்டக்டர் சிரித்தார். டின்னைக் குலுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நான்கு சீட்டு எடுத்தார். சீட்டைப் பார்த்ததுமே அவருக்குக் கூட்டல் முடிந்துவிட்டது. "நாலு புள்ளி மூணு." நத்தைக்காரர் நோட்டில் ஒரு கோடு போட்டார். "நாலு புள்ளி எட்டு." இன்னொரு கோடு.

மூன்று சாயங்காலம் எடுத்தார்கள். நடுநடுவே பால் காய்ச்சினார்கள். எண்களுக்கு இடையில் கண்டக்டரின் மனைவி வந்தார், மகனின் போன் வராத ஞாயிறுகள் வந்தன, நத்தைக்காரர் இருபத்தெட்டு வயதில் ஒரு பெண்ணிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் வந்தது. மூன்றாம் நாள் விளக்கு ஏற்றும் நேரத்தில் இருநூறு முடிந்தது. ஐந்து புள்ளி ஆறை எட்டியது மூன்று தடவை.

"இருநூறுல மூணு" என்றார் நத்தைக்காரர்.

"அப்போ தற்செயல் இல்ல."

"இல்லண்ணே."

கண்டக்டர் சீட்டுகளைச் சேர்த்து மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தினார். டின்னுக்குள் போட்டார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், மூடவில்லை.

"இருநூறு போதுமா சார்?"

"போதும்னுதான் நினைக்கிறேன்."

"இல்ல, அவசரப்பட்டு முடிவு பண்ணிடக் கூடாது பாருங்க. ஒரு ஆயிரம் எடுத்துட்டா சந்தேகமே இருக்காது."

ஒரு சாயங்காலத்துக்கு எழுபது என்றால், மீதி எண்ணூறுக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். ரயில் டிக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும். அக்காவிடம் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். விடை மாறப்போவதில்லை என்பது நத்தைக்காரருக்குத் தெரியும். கண்டக்டருக்கும் தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"ஆயிரம் எடுக்கறதுதான் முறை" என்று சொல்லி, நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினார்.

கண்டக்டர் டின்னைக் குலுக்கினார்.